என் கொப்புளம், அவள் குழாய்

என் தங்கச்சியின் கண்களுக்குள் டைட்டானியத்தில் செய்த குட்டிக் குழாய் இருக்கிறது. என் கண்ணில் ஒரு கொப்புளம் இருக்கிறது. இரண்டும் ஒரே வியாதிக்காக வைத்தவை. அவளுடையதை வெளியிலிருந்து யாராலும் பார்க்க முடியாது. என்னுடையதை, நான் கொஞ்சம் கீழே குனிந்து பார்த்தால், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருப்பவர்கூடப் பார்த்துவிடலாம். நல்லதெல்லாம் எப்போதும்போல அவள் பக்கமே போய்ச் சேர்ந்தது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. இப்போதும் பாதி நேரம் அப்படித்தான் தோன்றுகிறது.

நாங்கள் வளர்ந்தது விருதுநகரில், மிளகாய் வத்தல் மூட்டைகளை அடுக்கிவைக்கும் கிட்டங்கிகளுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில். பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர். அம்மாவிடம் ஒரு சட்டம் இருந்தது. எனக்கென்று வாங்கியதில் தங்கச்சி கையை நீட்டினால் பாதி அவளுக்கு. அவளுக்கென்று வாங்கியது முழுக்க அவளுக்கே, ஏனென்றால் அவள் சின்னப்பிள்ளை. பால்கோவா, ரிப்பன், கலர் பென்சில், அப்பாவின் சைக்கிளில் முன்பக்கத்துச் சவாரி எல்லாம் இப்படித்தான் போயின. "ஏக்கா, எனக்குப் பங்கு" என்பதுதான் அவள் பேசக் கற்றுக்கொண்ட முதல் வாக்கியம் என்று நான் சொல்வேன். அம்மா இருந்தவரை அதை மறுத்துக்கொண்டே இருந்தாள்.

கல்யாணமாகி நான் சிவகாசிக்கு வந்தேன். அவள் பக்கத்திலேயே விஸ்வநத்தத்துக்கு வந்தாள். அவளுக்குப் பட்டாசுக் கம்பெனியில் கிஃப்ட் பாக்ஸ் அடுக்கும் வேலை. எனக்கு ஆப்செட் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை. பட்டாசு லேபிள், தினசரி காலண்டர், கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் முதல் புரூப் என் மேசைக்குத்தான் வரும். பிழை கண்டுபிடிப்பது தொழிலாகிவிட்டால் அது தாளோடு நிற்காது. சொந்தக்காரர்கள் வீட்டுச் சாம்பாரில் உப்புக் கூடியதிலிருந்து வாசல் கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனதுவரை எல்லாம் என் கண்ணில் படும். விசேஷ வீடுகளில் என்னைக் கண்டால் சிலர் மெல்ல நகர்ந்துவிடுவார்கள்.

அப்படிப்பட்ட என் மேசையில் முதலாளி ஒருநாள் ஒரு காலண்டர் தாளைக் கொண்டுவந்து வைத்தார். வலது பக்கம் கீழ் மூலையில் ராகுகாலம் தப்பாக அச்சாகியிருந்தது. அதே தப்பு வரிசையாகப் பல தாள்களில் ஏறி, லோடும் போய்விட்டது.

"இதை எப்படிம்மா விட்டீக?" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த இடத்தில் அப்படி ஒரு வரியே இருக்கவில்லை என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருப்பேன். அதற்கு முன்பே வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்வதும், பக்கத்தில் வருகிறவர்கள் மேல் மோதுவதும் இருந்தன. வயதாகிறது என்று விட்டிருந்தேன். கண்ணாடியை மாற்றலாம் என்று மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனபோதுதான் டாக்டரம்மா சொன்னார், இது கண்ணாடி விஷயம் இல்லை, கண்ணுக்குள் பிரஷர் என்று.

கண்ணுக்குள் எப்போதும் கொஞ்சம் நீர் ஊறி, ஒரு சல்லடை வழியாக வடிந்துகொண்டே இருக்குமாம். சல்லடை அடைத்துக்கொண்டால் நீர் தேங்கி அழுத்தம் ஏறும். அழுத்தம் நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகடிக்கும். வலி இருக்காது. ஓரத்துப் பார்வை முதலில் போகும், நடுப்பார்வை கடைசியில் போகும். போனது திரும்பாது. என் வலது கண்ணில் பாதிக்கு மேல் போயிருந்தது, இடது கண்ணிலும் தொடங்கியிருந்தது.

"வலது கண்ணுக்குச் சொட்டு மருந்து பத்தாது. ஆபரேஷன் பண்ணிப் பிரஷரை நல்லா இறக்கணும், இருக்கிறதைக் காப்பாத்தணும்" என்றார். அப்புறம் கேட்டார், "கூடப் பிறந்தவங்க இருக்காங்களா? இது குடும்பத்துல வரும். அவங்களையும் ஒருதடவை கூட்டிட்டு வாங்க."

என் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. கண்ணின் வெள்ளைப் பகுதியில் ஒரு கதவு மாதிரி வெட்டி, நீர் வெளியே வர வழி செய்துவிட்டார்கள். வந்த நீர் கண்ணை மூடியிருக்கும் மெல்லிய தோலுக்கு அடியில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் போகும். அந்த இடம்தான் கொப்புளம். பல வாரம் பார்வை மங்கலாகவே இருந்தது. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, தும்மல் வந்தால்கூடப் பயம். கண் கொஞ்சம் தெளிந்த பிறகு வந்தன ஆயுள்காலச் சட்டங்கள். கண்ணைக் கசக்கக்கூடாது. குளத்திலும் ஆற்றிலும் முங்கக்கூடாது. வெடிமருந்துத் தூசி பக்கம் போகவே கூடாது. கண் சிவந்தாலோ பீழை கட்டினாலோ அன்றைக்கே ஓடிவர வேண்டும், ஏனென்றால் அந்தக் கொப்புளம் வழியாகக் கிருமி உள்ளே போனால் கண்ணே போய்விடும். சிவகாசியில் இருந்துகொண்டு தூசி பக்கம் போகாதே என்றால் எங்கே போவது? தீபாவளிக்கு ஊர் முழுக்க வாசலில் நிற்க, நான் ஜன்னலை அடைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

தங்கச்சியை மதுரைக்குக் கூட்டிப்போனதும் நான்தான். வரமாட்டேன் என்றாள். சீசன் நேரம், லீவு கேட்டால் போர்மேன் திட்டுவார் என்றாள். இழுத்துக்கொண்டுதான் போனேன். பார்த்தால் அவளுக்கும் இருந்தது. ஆனால் அப்போதுதான் தொடங்கியிருந்தது, ஓரப்பார்வை முழுசாக இருந்தது. கூடவே கண்புரையும் வந்திருந்தது.

"கண்புரை ஆபரேஷன் பண்ணும்போதே அந்தச் சல்லடையில ஒரு சின்னக் குழாய் வச்சிரலாம்" என்றார் டாக்டரம்மா. "அரிசிக் குருணையை விடச் சின்னது. தனியாப் பெரிய வெட்டு கிடையாது. ஆரம்பத்துல இருக்கிறவங்களுக்கு இது நல்லா கைகொடுக்கும்."

நான் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். "எனக்கு ஏன் டாக்டர் இதை வைக்கல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"உங்களுக்குப் பிரஷரை ரொம்பக் கீழ கொண்டுவர வேண்டியிருந்தது. இந்தக் குழாய் அந்த அளவுக்கு இறக்காது. அது பாதுகாப்பு அதிகம், பலன் கொஞ்சம் குறைவு. உங்களோடது பலன் அதிகம், கவனமும் அதிகம் வேணும்."

நல்ல பதில்தான். அறிவுக்குப் புரிந்தது. வயிறு எரிந்தது. என் கண் போன பிறகுதான் அவள் கண்ணைப் பார்க்கச் சொன்னார்கள். நான் காலண்டரில் ராகுகாலத்தைத் தவறவிட்டதால் அவளுக்கு நல்ல நேரம் வந்திருக்கிறது. இதில் நான் பெருமைப்பட வேண்டுமாம். சித்தி அப்படித்தான் போனில் சொன்னாள், "நீ மூத்தவ முன்னால போயி வழி காமிச்சுட்ட தாயி." எனக்குப் போனைத் தூக்கி எறியலாம்போல இருந்தது.

அவளுக்கு இரண்டு கண்ணுக்கும் அடுத்தடுத்துச் செய்தார்கள். மறுநாளே கட்டை அவிழ்த்தார்கள். அந்த வாரமே ஊசியில் நூல் கோத்தாள். புரை போன கண்ணுக்கு உலகம் பளிச்சென்று தெரியுமே, அதையும் என்னிடம்தான் வந்து சொன்னாள். "ஏக்கா, ஒஞ் சேலை பச்சைன்னுல்ல நெனச்சிருந்தேன், இது நீலமால்ல இருக்கு!" அதுவரை வீட்டில் யாராவது அவளுக்கு விட்டுவந்த சொட்டு மருந்தையும் கொஞ்ச நாளில் ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டார்கள். பிரஷர் நன்றாக இருக்கிறது, இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆனால் குழாய் வைத்தவர்கள் சிலருக்குப் பின்னால் மறுபடி ஏறும், அதனால் விடாமல் வந்து பார்த்துக்கொள்ளவேண்டும் என்றார் டாக்டரம்மா. நான் இரண்டு பாதியையும் கேட்டேன். தங்கச்சி முதல் பாதியை மட்டும் கேட்டாள்.

என் இடது கண்ணுக்கு இன்னும் இரண்டு விதமான மருந்து. காலையிலும் ராத்திரியிலும் போனில் மணி அடிக்கும். ஒன்றைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடி, மூக்கோரத்தை அழுத்திக்கொண்டு உட்கார வேண்டும். அப்புறம் அடுத்தது. தங்கச்சி ஞாயிற்றுக்கிழமைகளில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வருவாள். குடம் குடமாகத் தலையில் ஊற்றிக் குளித்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரியும். நான் தலையைப் பின்னால் சாய்த்து, நெற்றியில் துண்டைக் கட்டி, பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கொண்டு தலையை அலசச்சொல்லும் நாட்கள் அவை. அவள் கூந்தலை உதறினால் ஒரு துளி என் மேல் தெறிக்கும். அந்தத் துளிக்காக நான் அவளை வெறுத்திருக்கிறேன். மிகையாகச் சொல்லவில்லை.

"நீயும் அந்தக் குழாயை வச்சிருக்கலாம்லக்கா" என்பாள், வெள்ளந்தியாக. காபி டம்ளரை அவள் முன்னால் கொஞ்சம் சத்தமாக வைப்பேன்.

இருக்கன்குடி விஷயம் இதற்கெல்லாம் மேல். எங்கள் பக்கத்தில் கண்ணுக்கு ஏதாவது வந்தால் இருக்கன்குடி மாரியம்மனுக்குத்தான் நேர்ந்துகொள்வோம். குணமானால் வெள்ளியில் கண்மலர் வாங்கி ஆத்தாளுக்குச் செலுத்துவது வழக்கம். எனக்கு வியாதி என்று தெரிந்த அன்றே, மதுரையிலிருந்து திரும்பி வரும் வழியிலேயே, நான் நேர்ந்துவிட்டேன். கண் பழையபடி ஆகிவிட்டால் கண்மலர் தருகிறேன் என்று. பழையபடி என்று சொன்னதுதான் தப்பு. போனது திரும்பாது என்று டாக்டர் சொன்ன பிறகு என் நேர்த்திக்கடன் அப்படியே நிற்கிறது. நிறைவேறாத நிபந்தனையோடு ஆத்தா முன்னால் போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. தங்கச்சியோ என்னைப் பார்த்து, எனக்குப் பின்னால் நேர்ந்துகொண்டவள். அவள் எனக்கு முன்னால் கண்மலர் செலுத்தப் போனாள். என்னையும் கூப்பிட்டாள். போனேன்.

ஆற்றில் கொஞ்சம்தான் தண்ணீர் கிடந்தது. அதில் உட்கார்ந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். நான் கரையில் அவள் மாற்றுச் சேலையை வைத்துக்கொண்டு நின்றேன். சன்னிதியில் அந்த இரண்டு வெள்ளிக் கண்களைத் தட்டில் வைத்தபோது அவள் அழுதாள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னிடம், "ஒங்களுக்கும் நல்லாயிருச்சா?" என்றாள். "இல்ல, அவளுக்கு மட்டுந்தான்" என்றேன்.

அதோடு அவள் ஆஸ்பத்திரிப் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். வரச்சொன்ன நாள் வந்தது, போனது. கேட்டதற்கு அவள் சொன்ன காரணம் வேறு எந்த ஊர் டாக்டருக்கும் புரியாது.

"ஆத்தாளுக்குக் கண்மலர் குடுத்தாச்சுக்கா. குணமாயிருச்சுன்னு சொல்லித்தான குடுத்தோம்? பெறகு போயி டாக்டர்ட்ட கண்ணைக் காமிச்சா, அவ குடுத்ததை நம்பலன்னுல்ல ஆகும்? கோவிச்சுக்கிடுவா."

இதைக் கேட்டு நான் பதறினேன் என்று எழுதினால் அது பொய்ப் புரூப். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான் மட்டும் வருஷா வருஷம் அந்த நீளமான பெஞ்சில் உட்கார வேண்டும். நான் மட்டும் ஓரப்பார்வைச் சோதனைக்கு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்து, பொட்டுப் பொட்டாக வரும் வெளிச்சத்துக்கெல்லாம் பட்டனை அமுக்க வேண்டும். எத்தனையோ வெளிச்சம் வந்து போயிருக்கும், என் கையில் பட்டன் சும்மா கிடக்கும். இவள் கோவில் பிரசாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டு வீட்டில் இருப்பாள். அப்படி விடுவேனா?

"ஏட்டி, நாளைக்குக் கிளம்பு" என்றேன்.

"ஒனக்கு வயித்தெரிச்சல்க்கா. எனக்கு நல்லாயிருச்சுன்னு பொறுக்கல."

"ஆமா, வயித்தெரிச்சல்தான். நல்லாயிருக்குன்னு அந்த டாக்டரம்மா வாயால எம் முன்னால சொல்லட்டும். நான் அடங்கிப் போயிருதேன்."

அதில் விழுந்தாள். சின்ன வயதிலிருந்து என்னை அம்மா முன்னால் ஜெயிப்பது அவளுக்கு இஷ்டம். இப்போது அம்மா இல்லாத குறைக்கு டாக்டரம்மா. ஆத்தாளிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, திருநீறும் குங்குமமும் நெற்றி நிறைய வைத்து, பட்டுச்சேலை மாதிரி இருந்த ஒரு சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை.

டாக்டரம்மா அவள் கண்ணில் ஒரு கண்ணாடி வில்லையை வைத்து உள்ளே எட்டிப் பார்த்தார். "குழாய் வச்ச இடத்துல அழகா இருக்கு" என்றார். தங்கச்சி அப்போதுதான் அன்றைக்கு முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஜெயித்த முகம். அப்புறம் பிரஷர் பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். இடது கண் பரவாயில்லை. வலது கண்ணில் ஏறியிருந்தது.

"எவ்வளவு நாளா வரல நீங்க?" என்று கேட்டார். திட்டவில்லை. கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச்சொல்லி ஓரப்பார்வையைச் சோதித்தார்கள். அவள் உள்ளே இருந்த நேரம் முழுக்க நான் வெளியே நின்று அந்தப் பட்டன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். டக், டக் என்று விடாமல் கேட்டது. கொஞ்சம் இடைவெளி விட்டால் கதவுப் பக்கம் காதைக் கொண்டுபோனேன். அமுக்குடி, அமுக்குடி என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். யார்மேல் பொறாமைப்பட்டேனோ அவளுக்கு ஒரு வெளிச்சம்கூடத் தப்பிவிடக்கூடாது என்று நினைத்ததை நான் பிற்பாடுதான் கவனித்தேன்.

ஒன்றும் போகவில்லை. "சரியான நேரத்துல வந்துட்டீங்க. இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா அக்கா மாதிரி ஓரம் போயிருக்கும்" என்றார் டாக்டரம்மா. குழாய் வேலை செய்கிறது, ஆனால் அது மட்டும் பத்தவில்லை, ராத்திரி ஒரு சொட்டு மருந்து போட வேண்டும், இது குழாயின் தோல்வி இல்லை, பலருக்கு இப்படி ஆவதுதான் என்று விளக்கினார். தங்கச்சி தலையை ஆட்டினாள். ஒரு வார்த்தையும் அவள் காதில் ஏறவில்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்து என் முறை. என் வலது கண்ணைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சந்தோஷமாகவே சொன்னார், "பிரஷர் பத்து. சூப்பர். உங்க கொப்புளம் ரொம்ப நல்லா வேலை செய்யுது."

எனக்குப் பின்னால் ஸ்டூலில் இருந்த தங்கச்சி, "பத்தா?" என்றாள்.

திரும்பிப் பார்த்தேன். ஓரத்தில் தெரியாததால் நான் முழுசாகத் திரும்பித்தான் பார்க்க வேண்டும். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய ஈரக் கூந்தலை, நூல் கோத்த ஊசியை, தட்டில் இருந்த வெள்ளிக் கண்களை நான் பார்த்த பார்வை அது. அது இப்போது என்மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் குளுகுளுவென்று இருந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

திரும்பும் வழியில் விருதுநகரில் இறங்கி எண்ணெய் புரோட்டா சாப்பிட உட்கார்ந்தோம். மருந்து பாட்டில் அவள் பையில் இருந்தது. இலையில் புரோட்டா வந்தும் அவள் தொடவில்லை.

"குடுத்த கண்ணைத் திரும்பக் கேட்டுட்டாளோ ஆத்தா?"

"அவ ஒண்ணுங் கேக்கல. நீதான் போகாமக் கெடந்த. சாப்பிடு."

"எனக்கு நானா மருந்து விட வராது. கண்ணைச் சிமிட்டிருவேன்."

"வந்து நான் விட்டுக் காமிக்கேன். ஒரு வாரத்துல பழகிரும். சாப்பிடு."

கொஞ்சம் பிய்த்துச் சால்னாவில் நனைத்தாள். வாய்க்குக் கொண்டுபோகாமல் நிறுத்தினாள். ஐம்பதைத் தாண்டிய பெண், குரல் மட்டும் அப்படியே அந்தச் சந்தில் நின்ற பிள்ளையின் குரல்.

"ஏக்கா, அடுத்த தடவை போகையில டாக்டரம்மாட்ட சொல்லேன். ஒங் கண்ணுல வச்சிருக்காகல்ல கொப்புளம், அதே மாதிரி எனக்கும் ஒண்ணு வச்சுவிடச் சொல்லு. பத்துல நிக்கும்ல?"

கையில் இருந்த துண்டை இலையில் வைத்தேன். ஜன்னலை அடைத்துக்கொண்டு உட்கார்ந்த தீபாவளி ஞாபகம் வந்தது. கண் கொஞ்சம் சிவந்தாலே கண்ணாடி முன்னால் ஓடிப்போய் நிற்பது ஞாபகம் வந்தது. கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, வராத வெளிச்சத்துக்காகக் காத்திருந்தது ஞாபகம் வந்தது. அந்த ஆபரேஷன் அவளுக்குத் தேவைப்படுகிற நாள் எப்படிப்பட்ட நாளாக இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"இதுல பங்கு கேக்காத" என்றேன்.

"ஏங்க்கா?"

"கேக்காதன்னா கேக்காத. எல்லாத்துலயும் பாதி குடுத்திருக்கேன். இதைத் தரமாட்டேன்."

கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சத்தமாகவே சொல்லியிருக்கிறேன். தங்கச்சியின் முகம் சுண்டிப்போனது. நல்லது ஒன்று எனக்குக் கிடைத்திருக்கிறது, அதை அவளுக்குத் தர எனக்கு மனசில்லை என்று நினைத்துக்கொண்டாள். தலையைக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள். நானும் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அவள் நினைத்தது சரிதான். எனக்கு மனசில்லை.